ஏன் 254?

சயான் ஆர்கனைசர் 2 என்ற கையடக்கக் கணினியில் ஒரு குறிப்பு 254 எழுத்துகளுக்கு மேல் நீள முடியாது. கணினி எண்களோடு கொஞ்சம் பழகியவர்களை 255 உறுத்தாது. ஒரு பைட்டுக்குள் அடங்கும் மிகப் பெரிய எண் அது. 256ம் உறுத்தாது. எட்டு இரண்டுகளைப் பெருக்கினால் வருவது. 254 மட்டும் பல்லில் மாட்டிய நார் போல நெருடும். வரவேண்டிய ஓர் எழுத்து குறைகிறது. அந்த ஓர் எழுத்து எங்கே போயிற்று என்று தேடிப் போனபோதுதான் இந்தக் கருவியின் மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டானது.

டேவிட் பாட்டர் 1980ல் லண்டனில் தொடங்கிய நிறுவனம் சயான். முதல் ஆர்கனைசரை 1984லும் இரண்டாவதை 1986லும் வெளியிட்டது. இரண்டாவதுதான் என் மேசையில் இருக்கிறது. பழைய மின்னணுச் சாமான்கள் வாங்கி விற்கும் ஒருவரிடமிருந்து இரண்டு பேக்குகளோடு வந்து சேர்ந்தது. கால் கிலோ எடை. உறையைக் கீழ்நோக்கி இழுத்தால் விசைகள் வெளிப்படும். 36 விசைகள், வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை, எழுத்துகள் ஏபிசி ஒழுங்கில். திரையில் இரண்டே வரி, வரிக்கு 16 எழுத்து. உயிர் கொடுப்பது ஒரு 9 வோல்ட் பேட்டரி. இவ்வளவுதான் கருவி. இதன் அழகு முகத்தில் இல்லை, முதுகில் இருக்கிறது. பின்பக்கம் இரண்டு அறைகள். ஒவ்வொன்றிலும் தீப்பெட்டியை நினைவூட்டும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி செருகிக்கொள்ளும். அதன் பெயர் டேட்டாபேக்.

இந்தக் கருவியில் எதைச் சேமிக்கப் போனாலும் அது முதலில் ஒரு கேள்வி கேட்கும். மெனுவில் ‘சேவ்’ என்பதைத் தொட்டதும் திரையில் அந்தச் சொல்லும் பக்கத்தில் ‘ஏ:’ என்ற எழுத்தும் நிற்கும். மோட் விசையை அழுத்தினால் ‘பி:’. இன்னொரு முறை அழுத்தினால் ‘சி:’. ஏ என்பது கருவிக்குள் இருக்கும் ரேம் நினைவகம். சிஎம் மாடலில் 8 கிலோபைட், பிந்தைய எக்ஸ்பி மாடலில் 32 கிலோபைட். பியும் சியும் முதுகில் இருக்கும் பேக்குகள். எங்கே வைக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறதே, தொல்லை என்று முதலில் தோன்றியது. சில நாளில் அந்தக் கேள்வியின் எடை புரிந்தது. ஏயில் வைத்தால் பேட்டரி இருக்கும்வரை இருக்கும். நினைத்தால் அழிக்கலாம், அழித்த இடம் உடனே திரும்பக் கிடைக்கும். பியிலோ சியிலோ வைத்தால் பேட்டரியைக் கழற்றிப் பரண்மேல் போட்டாலும் இருக்கும். ஆனால் அங்கே வைத்த எதுவும் தான் பிடித்த இடத்தை விட்டுத் தராது.

ஏன் விட்டுத் தராது? பேக்கின் உள்ளே இருப்பது ஈப்ராம் என்ற வகைச் சில்லு. இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் 1971ல் உருவாக்கியது. முதல் சில்லில் 2048 பிட்டுகள் மட்டும், அதாவது 256 பைட். அதன் ஒவ்வொரு பிட்டும், சுற்றிலும் மின்சாரம் கடத்தாத பூச்சால் மூடப்பட்ட ஒரு சிறு தீவு. போதுமான அழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் அந்தப் பூச்சைத் தாண்டி உள்ளே குதிக்கும். குதித்தவை திரும்பி வர வழி இல்லை. மின்சாரத்தை நிறுத்தினாலும் அங்கேயே கிடக்கும், ஆண்டுக்கணக்கில். அவற்றை வெளியேற்றப் புற ஊதா ஒளி வேண்டும். அதற்காகவே சில்லின் மேல் குவார்ட்ஸ் கண்ணாடியால் ஒரு சாளரம் வைத்திருப்பார்கள். சாளரத்தை மூடாமல் நேர் வெயிலில் வைத்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் எழுதியதெல்லாம் போய்விடும். அறையின் குழல் விளக்கு வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்று ஆண்டு பிடிக்கும். வெயில் பட்டால் மறந்துபோகும் நினைவகம்! முதல்முறை இதைப் படித்தபோது பேக்கை எடுத்து உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

ஆர்கனைசரின் பேட்டரி 9 வோல்ட். ஈப்ராமில் எழுத 21 வோல்ட் வேண்டும். கருவி அந்த 9 வோல்ட்டைத் தானே 21ஆக ஏற்றிக்கொண்டு எழுதுகிறது. கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் மேசைமேல் ஒரு தனிக் கருவியை வைத்து இந்தச் சில்லுகளில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அந்த மேசைக் கருவியின் வேலையைக் கோட்டுப் பையில் அடங்கும் ஒன்று பேருந்தில் போகிறபோதே செய்தது. ஆகவே இங்கே படிப்பது மலிவு, எழுதுவது செலவு. பேட்டரி களைக்கும்போது அந்தக் களைப்பு முதலில் தெரிவது எழுதும் நேரத்தில்தான். குறிப்பைப் பேக்கில் போடுகிற ஒவ்வொரு தடவையும் கருவி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு காரியம் செய்கிறது.

வெற்றுப் பேக் எப்படி இருக்கும்? கார்த்திகை மாலையில் திண்ணை நீளத்துக்கு அகல் விளக்கு ஏற்றி வைத்தது போல. ஒன்றுவிடாமல் எல்லாம் எரியும். ஒவ்வொரு பிட்டும் 1. எழுதுவது என்றால் வேண்டாத விளக்குகளை அணைப்பது, 1ஐ 0 ஆக்குவது. எரியும் விளக்கை எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம். அணைந்ததை மட்டும் தனியாக ஏற்ற முடியாது. ஏற்றினால் திண்ணை முழுவதையும் ஒன்றாகத்தான் ஏற்ற வேண்டும், புற ஊதா ஒளியால். இந்த ஒரு கட்டுப்பாடுதான் சயான் பொறியாளர்களின் கையில் இருந்த பொருள். இதை வைத்து அவர்கள் கட்டியதைத்தான் நான் சுவைத்துச் சொல்ல வந்தேன்.

பேக்கில் குறிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி அடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு குறிப்புக்கும் தலையில் இரண்டு பைட். முதல் பைட் அந்தக் குறிப்பின் நீளம். இரண்டாவது அதன் வகை: எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்ற அடையாளம். அதன் பிறகு நாம் எழுதியது. கருவி தேடும்போது நீளத்தைப் படித்து, அவ்வளவு தூரம் தாண்டி, அடுத்த குறிப்பின் தலையில் கால் வைக்கிறது. பாண்டி ஆடும் சிறுமியின் கால் கட்டத்திலிருந்து கட்டத்துக்குப் போவது போல. அட்டவணை என்று தனியாக எதுவும் இல்லை. அட்டவணை வைத்தால் குறிப்பு சேரும்போதெல்லாம் அதைத் திருத்த வேண்டும். திருத்தத்தான் இங்கே வழி இல்லையே.

சரி, தாண்டிக்கொண்டே போகிற கால் எங்கே நிற்கும்? கடைசிக் குறிப்பு எது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால் அடுத்த குறிப்பு வரும்போது அது பொய்யாகிவிடும். எழுதாமலே தெரிய வேண்டும். தெரிகிறது. கடைசிக் குறிப்பைத் தாண்டிக் கால் வைக்கிற இடத்தில் யாரும் இன்னும் ஒரு விளக்கையும் அணைக்கவில்லை. எட்டும் எரிகின்றன. எட்டும் எரிந்தால் அந்த பைட்டின் மதிப்பு 255. நீளம் 255 என்று வாசித்தால் அங்கே குறிப்பு இல்லை, வெறும் இடம் தொடங்குகிறது என்று பொருள். ஆகவே எந்தக் குறிப்பும் 255 எழுத்து நீளமாக இருக்கக் கூடாது. இருந்தால் எழுதியதையும் எழுதாததையும் பிரித்தறிய முடியாது.

அந்த ஓர் எழுத்து இங்கேதான் போயிருக்கிறது. ஒவ்வொரு குறிப்பும் தன்னிடமிருந்து ஓர் எழுத்தை வெறுமைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. தொழில்நுட்பக் கையேட்டில் இந்த இடத்துக்கு வந்ததும் அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முடிவுக்கு ஒரு குறி தேடி அலையாமல், தொடாத இடத்தையே முடிவின் குறியாக எடுத்துக்கொண்டார்கள். 

இதைவிடச் சிறிய, இதைவிட இனிய ஒன்று இன்னும் இருக்கிறது. அழிப்பது.

ஈப்ராமில் அழிக்க முடியாது. ஆனால் மெனுவில் ‘அழி’ என்ற கட்டளை இருக்கிறது, அதை அழுத்தினால் குறிப்பு மறைகிறது. என்ன நடக்கிறது? குறிப்பின் இரண்டாவது பைட்டை, அந்த வகை பைட்டை, நினைவில் வையுங்கள். உயிரோடு இருக்கும் எல்லாக் குறிப்பிலும் அந்த பைட்டின் முதல் பிட் 1. வகை எண்களை 128க்குக் கீழே தொடங்காமல் அதற்கு மேலேயே வைத்திருக்கிறார்கள். அந்த முதல் விளக்கு எப்போதும் எரிய வேண்டும் என்பதற்காக. அழி என்றதும் கருவி அந்த ஒரு விளக்கை மட்டும் அணைக்கிறது. 254 எழுத்துக் குறிப்பானாலும் சரி, நான்கு எழுத்துக் குறிப்பானாலும் சரி, ஒரே ஒரு பிட். எழுத்துகள் இருந்தபடியே இருக்கின்றன. தேடி வரும் கருவி அணைந்த விளக்கைப் பார்த்ததும், ‘இது இப்போது இல்லை’ என்று தாண்டிப் போகிறது.

தாண்டிப் போவதற்கு நீளம் வேண்டும் அல்லவா? அதனால்தான் நீள பைட்டைத் தொடவில்லை. அழிவின் அடையாளத்தை நீளத்தின் மேல் போட்டிருந்தால் கால் வைக்கும் கட்டம் குலைந்து, அதற்குப் பின்னால் உள்ள அத்தனை குறிப்பும் தொலைந்திருக்கும். இறந்த குறிப்பும் உயிருள்ளவற்றுக்கு வழி சொல்லிக்கொண்டே கிடக்கிறது. எழுத்துகளின் மேலேயே எல்லா விளக்கையும் அணைத்து முழுக்கக் கருக்கி விட்டிருக்கவும் முடியும். அதற்கு எவ்வளவு எழுதினோமோ அவ்வளவுக்கு மறுபடியும் 21 வோல்ட் செலவாகும். ஒரு பிட் போதும் என்று நிறுத்தினார்களே, அந்த அளவறிந்த கை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

திருத்தமும் இதே வழிதான். ஒரு தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினால், திருத்திய குறிப்பு முழுவதும் பேக்கின் கடைசியில் புதிதாக எழுதப்படும். பழையதன் விளக்கு அணையும். பத்து முறை திருத்தினால் பதினொரு பிரதி, அதில் பத்து செத்தது. பேக் நிரம்பிக்கொண்டே போகும். நாட்குறிப்பைச் சயான் பேக்கில் வைக்காமல் கருவியின் ரேமில் வைத்தது இதனால் என்றே நினைக்கிறேன். சந்திப்பு நேரங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. முடிந்த நாட்குறிப்பைக் கோப்பாகச் சேர்த்துப் பேக்கில் போட்டுவைக்கலாம். ஓடுகிற நாள் ரேமில், ஓடி முடிந்த நாள் பேக்கில்.

பேக் நிரம்பிவிட்டால்? இரண்டாவது அறையில் ஒரு வெற்றுப் பேக்கைச் செருகி ‘காப்பி’ கொடுக்க வேண்டும். உயிருள்ள குறிப்புகள் மட்டும் நெல் தனியாகப் பதர் தனியாகப் பிரிவது போல அந்தப் பக்கம் போய்ச் சேரும். முதுகில் இரண்டு அறை வைத்தது இதற்காகத்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இந்த வேலை இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது. பிறகு பழைய பேக்கைப் புற ஊதா விளக்குப் பெட்டியில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டியையும் சயான் விற்றது. விளக்கு தன் வேலையை முடித்ததும் திண்ணை முழுவதும் மறுபடி எரியும். அதைக் கருவியில் செருகியதும், பேக்கை அளந்துகொண்டிருக்கிறேன் என்று திரையில் ஒரு வரி வரும். பேக்கின் கொள்ளளவு என்ன என்று அதன் தலைப்பில் கருவி எழுதிவைக்கும் சடங்கு அது. 8 கிலோபைட்டிலிருந்து 128 வரை பேக்குகள் வந்தன.

பேக்குக்கும் கருவிக்கும் நடுவே உள்ள இணைப்பில் 16 ஊசிகள்தான். அவற்றில் எட்டு, பைட்டின் எட்டுப் பிட்டுகளுக்குப் போய்விடும். மிச்சத்தில் மின்சாரமும் கட்டுப்பாடும். எந்த இடத்து பைட் வேண்டும் என்று முகவரி சொல்லக் கம்பியே இல்லை. அதற்குப் பேக்கின் உள்ளே ஓர் எண்ணும் சில்லை வைத்தார்கள். கருவி ஒரு துடிப்பு அனுப்பினால் முகவரி ஒன்று ஏறும். ஐயாயிரமாவது பைட் வேண்டுமென்றால் ஐயாயிரம் துடிப்பு. ஜெபமாலை உருட்டுவது மாதிரி. பெரிய பேக்குகள் வந்தபோது இது தாமதமாயிற்று. 256 பைட்டை ஒரு பக்கமாக்கி, பக்கம் பக்கமாகத் தாவ இன்னொரு துடிப்பைச் சேர்த்தார்கள். ஊசி எண்ணிக்கை மாறவில்லை. பழைய பேக்கும் புதிய பேக்கும் ஒரே அறையில் செருகின. தன்னுள்ளே இருப்பது எந்த வகை என்று பேக்கே தலைப்பில் சொல்லிவிடும்.

1991ல் வந்த சயான் சீரிஸ் 3ல் இந்தப் பேக்குகள் மெலிந்து, கருவியின் இருபுறமும் கதவு திறந்து செருகும் தகடுகளாயின. உள் நினைவகத்துக்கு எம், தகடுகளுக்கு ஏ, பி என்று பெயர். தகட்டில் இரண்டு சாதி. ஒன்று ரேம் தகடு: தனக்கென ஒரு பொத்தான் பேட்டரியை வயிற்றில் வைத்துக்கொண்டு, கருவியை விட்டுக் கழற்றினாலும் நினைவு தவறாமல் இருக்கும். இன்னொன்று ஃப்ளாஷ். தோஷிபாவின் புஜியோ மசுவோகா 1984ல் அறிவித்த நினைவகம் அது. அழிகிற வேகம் கேமராவின் பளிச்சொளியை நினைவூட்டியதால் சக ஊழியர் ஒருவர் சூட்டிய பெயர். புற ஊதா விளக்கு தேவையில்லை, மின்சாரத்தாலேயே எல்லா விளக்கையும் ஏற்றலாம். ஆனாலும் மொத்தமாகத்தான். சீரிஸ் 3ன் ஃப்ளாஷ் தகட்டில் ஒரு கோப்பை அழித்தால் இடம் திரும்பாது, தகடு முழுவதையும் ஃபார்மட் செய்தால்தான் திரும்பும். தினம் மாறுவதை ரேம் தகட்டிலும், மாறாததை ஃப்ளாஷிலும் வைப்பது புழங்கியவர்களின் வழக்கம்.

1996ல் அமெரிக்காவிலிருந்து பாம் நிறுவனத்தின் பைலட் வந்தது. தகடு செருக அதில் அறையே இல்லை. மலிவான மாடலில் 128 கிலோபைட் ரேம், இரண்டு சிறு பேட்டரி, கணினியோடு சேர்த்து வைக்க ஒரு தொட்டில். பைலட்டில் வைப்பதெல்லாம் ரேம், பேட்டரி தீர்ந்தால் எல்லாம் போகும். நிரந்தரப் பிரதி வீட்டுக் கணினியில். அழித்தால் இடம் உடனே கிடைக்கும் கருவி இது. அப்படியிருந்தும் அழித்ததன் அடையாளத்தை அதுவும் உடனே துடைத்துவிடுவதில்லை. காரணம் வேறு. இங்கே அழித்த முகவரி வீட்டுக் கணினியில் இன்னும் இருக்கிறது. அழித்த செய்தியை அங்கே கொண்டுபோய்ச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும். அதனால் குறிப்பின் உடலை விடுவித்துவிட்டு அதன் தலையை மட்டும் அடுத்த ஒத்திசைவு வரை வைத்திருக்கும். அந்தத் தலையில் நான்கு கொடிகள்: ரகசியம், பயன்பாட்டில், திருத்தப்பட்டது, அழிக்கப்பட்டது. அழிக்கப்பட்டது என்ற கொடி அந்த பைட்டின் முதல் பிட். ஆர்கனைசரில் எந்த இடத்து விளக்கு அணைந்தால் அழிவோ, பைலட்டில் அதே இடத்து விளக்கு எரிந்தால் அழிவு.

ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததல்ல என்றே எண்ணுகிறேன். முதல் பிட்டைச் சோதிப்பது பல செயலிகளுக்கு மிகச் சுலபம், எண் எதிர்ம எண்ணா என்று பார்ப்பதும் அதுவும் ஒன்றே. ஆனால் இரண்டு கருவிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஒரே வாசலில் ஒருவர் விளக்கை அணைத்தும் இன்னொருவர் ஏற்றியும் இழவு சொல்லும் காட்சி கண்ணில் நிற்கிறது.

இன்று பையில் இருக்கும் கைபேசியின் நினைவகமும் ஃப்ளாஷ்தான். அங்கும் வெற்றிடம் என்றால் எல்லாம் 1. அங்கும் எழுதிய இடத்தின் மேல் எழுத முடியாது. திருத்தினால் வேறிடத்தில் புதுப் பிரதி எழுதி, பழையதைச் செத்தது எனக் குறித்து, உயிருள்ளவற்றைப் பெயர்த்துவிட்டு ஒரு பகுதியை மொத்தமாக ஏற்றுகிறார்கள். காப்பி, விளக்குப் பெட்டி, அளத்தல் எல்லாம் நாம் தூங்கும்போதும் பேசும்போதும் உள்ளே நடக்கின்றன. நடுவே உள்ள ஒரு சிறு செயலி அதைக் கண்ணில் காட்டுவதில்லை. ஆர்கனைசர் இதையெல்லாம் நம் கையாலேயே செய்ய வைத்தது. அதனால்தான் எனக்குத் தெரிந்தது.

என்னிடம் வந்த பேக்குகளில் ஒன்று 16 கிலோபைட். ‘ஃபைண்ட்’ கொடுத்தால் ஆறு குறிப்புகள்தான் வந்தன. ஆனால் கிட்டத்தட்ட நிரம்பிய பேக் என்று கருவி சொன்னது. நண்பர் ஒருவர் ஒரு சிறு சர்க்யூட் செய்து கொடுத்தார். அதில் செருகி, துடிப்பு துடிப்பாக எண்ணி, எல்லா பைட்டையும் கணினியில் எடுத்துப் படித்தேன். முதல் பிட் அணைந்த குறிப்புகள் வரிசையாக வந்தன. பெயர், முகவரி எதுவும் இல்லை. பெரும்பாலும் அளவுகள். தச்சராகவோ கண்ணாடி பொருத்துபவராகவோ இருந்திருக்க வேண்டும். ஒரு சன்னலின் அகலம் மில்லிமீட்டரில் 1120 என்று இருந்தது, அணைந்த குறிப்பு. ஏழெட்டுக் குறிப்பு தள்ளி அதே சன்னல், 1140. அதுவும் அணைந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் 1135. இது எரிந்துகொண்டிருந்தது. மூன்று முறை அளந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு இன்னும் நாற்பது, ஐம்பது குறிப்புகள். பிறகு 255, 255, 255 என்று கடைசிவரை. எண்ணிப் பார்த்தேன், இரண்டு கிலோபைட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

விளக்குப் பெட்டி என்னிடமும் இருக்கிறது. பேக்கை அதில் வைக்கவில்லை. கருவியில் செருகி, சேவ் தொட்டு, மோட் விசையை ஒரு முறை அழுத்தி, ‘பி:’ வந்ததும் எங்கள் வீட்டுத் தெருப்பக்கச் சன்னலின் அகலத்தை எழுதினேன். அளந்தது ஒரே முறை. நாளை மறுபடியும் நாடாவை வைத்துப் பார்க்க வேண்டும்.